சிரில் கடைக் கூட்டுப்புழு மிதக்காது

புழு என்றதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் இங்கிலாந்தின் ராதரம் பக்கம் சம்பந்தம் வைத்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை எந்த வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாலும் வெண்ணெய்க்குப் பக்கத்தில் மூடியில் ஓட்டை குத்திய டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கும். உள்ளே என்ன நெளிகிறது என்று தெரிந்தேதான் வெண்ணெயை எடுத்து ரொட்டியில் தடவுவார்கள். உருக்காலையில் வாரம் முழுக்க வெந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைதான் கோயில், குளம் எல்லாம். அந்தக் கோயிலுக்குப் பூசைச் சாமான் விற்றவன் சிரில் இபட்சன்.

கால்வாய்ப் பாலத்தை ஒட்டி இருந்தது அவன் கடை. தூண்டில் கம்பு, முள், நரம்பு, தக்கை என்று எல்லாம் வைத்திருந்தான். ஆனாலும் ஊரார் அதைப் புழுக்கடை என்றே சொன்னார்கள், அவனும் கோபித்துக்கொண்டதில்லை. வாசலுக்கு மேலே தன் கையாலேயே பெயின்ட் அடித்த பலகை ஒன்றை மாட்டியிருந்தான். “சிரில் கடைக் கூட்டுப்புழு மிதக்காது.” அவ்வளவுதான் எழுதியிருந்தது. பெயர், விலாசம்கூடக் கிடையாது.

வெளியூர்க்காரனுக்கு அது கிறுக்கன் எழுதியதாகத் தெரியும். தூண்டில் போடுகிறவனுக்கு அது சத்தியம் செய்து கொடுத்த மாதிரி. புழு முற்றினால் நெளிவதை நிறுத்திவிட்டு ஓடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முதலில் வெளிர்பொன் நிறம், பிறகு செம்பழுப்பு. அந்தப் பருவத்தில் தண்ணீரில் போட்டால் நேராக அடிக்குப் போகும், பெரிய ரோச் மீன் அதற்கு உயிரைக் கொடுக்கும். இன்னும் கொஞ்சம் முற்றினால் ஓடு கறுத்து, உள்ளே காற்று சேர்ந்து மிதக்க ஆரம்பித்துவிடும். மிதக்கிறதை அள்ளிப் போட்டவன் பாடு அத்தோடு முடிந்தது. இரை நீரோட்டத்தோடு போகும், அதன் பின்னாலேயே மீனும் போகும், கீழே உட்கார்ந்திருக்கிற பக்கத்து ஆள் சிரித்துக்கொண்டே அள்ளுவான். வாரம் பூராவும் காத்திருந்த ஒருத்தனின் ஞாயிற்றுக்கிழமையை அப்படிக் கெடுத்த கடைக்காரனை அவன் மன்னிக்கவே மாட்டான். ஒரு பை மிதந்தால் போதும், ஆலையில் அடுத்த ஷிப்டு மாறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அதனால் சிரில் மிதக்காத கூட்டுப்புழுவுக்காகவே வாழ்ந்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. பண்ணை வேன் வந்து புழுவை இறக்கியதும் சல்லடையில் போட்டு அழுக்கு நீக்கி, புது மரத்தூளில் பரப்புவான். குவித்து வைத்தால் சூடேறி வியர்த்துவிடும், மூக்கைத் துளைக்கிற நெடி கிளம்பும். அதனால் தட்டுத் தட்டாக மெலிதாகப் பரப்பி அடுக்குவான். கூட்டுப்புழுவுக்கென்று ஒதுக்கிய தட்டுகளை அவ்வப்போது மறுபடி சல்லடையில் கொட்டுவான். உயிருள்ளது கண் வழியாக நழுவிக் கீழே இறங்கும், ஓடு கட்டியது மேலேயே தங்கும். தங்கியதை வாளித் தண்ணீரில் போட்டு, மிதப்பதையெல்லாம் உள்ளங்கையால் வழித்துச் சாக்கடையில் விடுவான். மூழ்கியதைத்தான் வடிகட்டிப் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைப்பான். வாடிக்கைக்காரன் சந்தேகப்பட்டால் கண்ணெதிரே ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காட்டுவான்.

மேவிஸைக் கட்டிக்கொண்ட புதிதில் அவனும் உருக்காலையில்தான் இருந்தான். பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று காலில் பாய்ந்து பாதத்தைத் தின்றுவிட்டது. ஆலை நஷ்டஈடு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. நின்று வேலை செய்ய முடியாதவன் எதற்குக் கடை வைக்கிறான் என்று எல்லாரும் கேட்டார்கள். மேவிஸ் மட்டும் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்த்தி வைத்தால் இவன் பேசியே தன்னைக் கொன்றுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆமாம், அவனுடைய வாய். அதைச் சொல்லாமல் சிரிலைப் பற்றிச் சொல்ல முடியாது. கெட்ட வாய் இல்லை. ஒருத்தரைப் பற்றிப் பொல்லாப்பு பேசினதும் கிடையாது. ஆனால் மனசில் எது இருந்தாலும் அது வாய்க்கு வந்துவிடும். சின்ன வயதில் அம்மாவுக்கு வாங்கிய கிறிஸ்துமஸ் பரிசு என்னவென்று அவள் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவான். அவனிடம் ரகசியம் சொல்வதும் பேப்பரில் விளம்பரம் போடுவதும் ஒன்று என்பார் அவன் அப்பா. அப்படிச் சொன்ன அப்பாவே ஒரு ரகசியத்தை அவனிடம் விட்டுவிட்டுப் போனார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா இபட்சன் வீட்டுக்குப் பின்னால் ஒரு இருட்டு ஷெட் வைத்திருந்தார். கடைப் புழு வேறு, அங்கே அவர் வளர்த்த வெண்புழு வேறு. பன்றி இதயத்தைக் கத்தியால் கீறி ஒரு பெட்டியில் வைப்பார், கதவை விரலளவு திறந்து விடுவார். இருட்டைத் தேடி வருகிற ஒரு ஜாதி ஈ உண்டு. அது ஒன்றே ஒன்று வந்து முட்டையிட்டதும் கதவைச் சாத்தித் தவிட்டில் புதைத்துவிடுவார். வருகிற புழு பால் மாதிரி வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். எந்த நாளில் இதயத்தை வைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சரியாக இருக்கும், குளிர் அடித்தால் எந்தச் சாக்கைப் போர்த்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கும் இரண்டு மகன்களுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஷெட்டுக்குள் அம்மாகூடப் போனதில்லை. அப்பா போன பிறகு மூத்தவன் வில்ஃப் அந்த வெண்புழுவை வைத்துத்தான் போட்டிக்குப் போட்டி ஜெயித்தான். மற்றவர்கள் தொடாத பிரீம் மீன் அவனிடம் மட்டும் மயங்கி வரும்.

சிரில் கடை போட்ட முதல் கோடையில் வியாபாரமே இல்லை. கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினான் என்று வேறு கடைக்காரனைச் சொல்லலாம், இவனுக்கோ ஈதான் முதல். ஒரு நாள் யோசிக்காமல் வெண்புழுவைக் கிண்ணத்தில் நிரப்பி, “இபட்சன் வெண்புழு” என்று எழுதி முன்னால் வைத்துவிட்டான். அடுத்த வாரமே வரிசை வந்தது. விற்றதோடு நின்றானா என்றால் அதுவும் இல்லை. எப்படி வளர்க்கிறாய் என்று கேட்டவனுக்கெல்லாம் பன்றி இதயத்திலிருந்து சாக்குவரை விளக்கமாகச் சொன்னான். கேட்காதவனுக்கும் சொன்னான்.

வில்ஃப் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தான். கிண்ணத்தைக் கையில் எடுத்தான், எழுத்தைப் படித்தான், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். சிரில் என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தான். வில்ஃப் கிண்ணத்தை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனான். அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை, வருஷக்கணக்கில் நின்றது. அம்மாவை அடக்கம் செய்த அன்றும் சவப்பெட்டிக்கு ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி கடை நடக்கிற தூரத்தில் இருக்க, வில்ஃப் இரண்டு பஸ் மாறி டான்காஸ்டர் பக்கம் போய்ப் புழு வாங்கினான். ஒரு தடவை திரும்பி வருகிறபோது மழையில் டப்பாவுக்குள் தண்ணீர் போய்விட்டது. புழு காய்ந்திருக்கிறவரை டப்பாவுக்குள் கிடக்கும், நனைந்தால் கண்ணாடிச் சுவரிலும் ஏறும். மாடி பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கி ஓடினார்கள். கண்டக்டர் வில்ஃபையும் டப்பாவையும் நடுரோட்டில் இறக்கிவிட்டான். இந்தக் கதை புழுக்கடைக்கு வந்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரில் சிரிக்கவில்லை. சல்லடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

“போய்ப் பேசித் தொலையேன்” என்றாள் மேவிஸ் அன்று.

“என்னன்னு பேச? வித்தாச்சு, சொல்லியாச்சு. சொன்னத வாய்க்குள்ள திரும்ப எடுத்துப் போட முடியுமா?”

“மன்னிச்சிருன்னு ஒரு வார்த்த. ஊருக்கெல்லாம் பேசுற, அண்ணன்கிட்ட மட்டும் வாய் வரலியா?”

அண்ணனிடம் மட்டும் உண்மையிலேயே அவனுக்கு வாய் வரவில்லை.

ஊர்த் தூண்டில் கிளப்பின் இலையுதிர்காலப் போட்டி எப்போதும் டிரென்ட் நதியில் நடக்கும். அது கூட்டுப்புழுவுக்கென்றே ஓடுகிற நதி. அந்த வெள்ளிக்கிழமை வரிசை பாலத்தைத் தாண்டி நின்றது. சிரில் தனக்கென்று நல்ல பை ஒன்றை எடுத்து ஃபிரிட்ஜின் அடியில் ஒளித்து வைத்துக்கொண்டான். அவனும் போட்டியில் உட்காரப் போகிறான். புழு விற்கிற கடைக்காரனே தோற்றால் நன்றாகவா இருக்கும்?

சனிக்கிழமை கடை சாத்துகிற நேரத்தில் ஜோ லிஸ்டர் காலி டப்பாவோடு வந்து நின்றான். உருக்காலையில் கம்பி உருட்டுகிற பிரிவில் வேலை செய்கிற சாது அவன்.

“என்னய்யா ஆச்சு?”

“வீட்ல புது ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கோம், சிரில். அதுல புழு டப்பா வச்சா நானும் டப்பாவும் வெளிலன்னுட்டா வீட்டுக்காரி. நிலக்கரி ஷெட்ல வச்சேன், கூர ஒழுகிருச்சு.”

“ஏறிருச்சா?”

“ஒண்ணு விடாம. இப்ப நிலக்கரிதான் நெளியுது.”

சிரில் சிரித்து முடித்துவிட்டுப் பார்த்தால் ஜோ சிரிக்கவில்லை. கடையில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. இல்லை என்று சொல்லிப் பழகாதவன் ஃபிரிட்ஜின் அடியிலிருந்து தன் பையை எடுத்து நீட்டிவிட்டான். ஜோ போன பிறகு மத்தியானத்திலிருந்து சலிக்காமல் கிடந்த கடைசித் தட்டைத் தனக்காக வழித்தான். அதில் கறுப்பு தட்டிய ஓடுகள் நிறையவே இருந்தன. காலையில் ஆற்றுத் தண்ணீரில் போட்டு மிதப்பதை வழித்துவிட்டால் போச்சு என்று பையைக் கட்டினான். நினைத்தபடி செய்திருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும்.

காலையில் கிளப் அமர்த்திய பஸ்ஸில் வழக்கம்போல் சிரில் முன்னால் உட்கார்ந்தான், வில்ஃப் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ஆற்றங்கரையில் கிளப் செயலாளர் நோரிஸ் துணிப்பையைக் குலுக்கி ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னார். சீட்டில் இருக்கிற எண்ணைத்தான் கரையில் நட்ட முளையில் தேடிப் போய் உட்கார வேண்டும். சிரில் நல்ல முளையாகத்தான் எடுத்தான். நொண்டிக்கொண்டே சாமான்களைச் சுமந்து போய் இறக்கி வைத்தான். மூச்சு வாங்கி நிமிர்ந்து பார்த்தால், நீரோட்டம் போகிற பக்கம் தனக்கு அடுத்த முளையில் வில்ஃப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.

இத்தனை வருஷத்தில் குலுக்கல் ஒரு தடவைகூட அவர்களைப் பக்கத்தில் போட்டதில்லை. நடுவே கொஞ்சம் முட்செடியும் ஒரு குட்டி மரமும் இருந்தன. வில்ஃப் கழுத்தில் சுற்றியிருந்த மப்ளர் அம்மா பின்னியது. அது சிரில் கண்ணில் பட்டது. தலை நரைத்துப் போயிருந்தான் வில்ஃப், பஸ்ஸில் தொப்பியோடு பார்த்தால் தெரிவதில்லை. சிரிலுக்குக் கை ஓடவில்லை. கம்பை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். பேசலாமா என்று வாயைத் திறந்தான், மூடினான். அதற்குள் நோரிஸ் விசில் ஊதிவிட்டார். பையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவனுக்கு நினைவே வரவில்லை.

பையிலிருந்து கூட்டுப்புழுவை ஒரு கை அள்ளி ஆற்றில் வீசினான். முதலில் நல்ல ரோச் ஒன்று வந்தது. அடுத்து ஒன்று. அப்புறம் தக்கை அசையவில்லை. மீன் நின்றுவிட்டால் இரை போதவில்லை என்றுதான் டிரென்டில் எவனும் நினைப்பான். சிரில் இன்னும் கொஞ்சம் வீசினான். அசைவில்லை. இன்னும் தாராளமாக வீசினான்.

கீழே வில்ஃப் முளைக்கு முன்னால் தண்ணீரில் வட்டம் வட்டமாகக் கிளம்பியது. மீன் மேலே வந்து எதையோ விழுங்குகிறது. வில்ஃப் ஒரு கணம் பார்த்தான். தக்கையை முள்ளுக்குப் பக்கத்தில் இறக்கினான், ஆழம் பார்க்காமல் மேலாகவே போட்டான். விழுந்த இடத்திலேயே மீன் மாட்டியது. அதற்குப் பிறகு அவன் கை நிற்கவில்லை. போடுவான், தூக்குவான், வலைக்கூடையில் விடுவான். ரோச் ஒவ்வொன்றும் உள்ளங்கையைத் தாண்டி இருந்தது.

சிரில் பையைத் திறந்து பார்த்தான். எல்லாம் கெட்டி டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. கொஞ்சம் எடுத்துக் காலடியில் தண்ணீரில் போட்டான். இரண்டு மூன்று மூழ்கின. மற்றதெல்லாம் மிதந்து, மெதுவாகத் திரும்பி, வரிசையாக அண்ணனைப் பார்த்துப் போயின.

பையின் வாயை இறுக்கிக் கட்டினான். தலையைத் தூக்கினால் வில்ஃப் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரிலிருந்து எடுத்த கறுப்பு ஓடு ஒன்று அவன் விரல் நடுவில் இருந்தது. அதை ஒரு தடவை உருட்டினான். மேலே, முட்செடிக்கு அப்பால், சிரிலின் பையைப் பார்த்தான். பிறகு அதையே முள்ளில் கோத்து வீசினான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மிச்ச நேரத்தை சிரில் சாதாரணக் கடைப் புழுவைப் போட்டு விரல் நீள மீன்களைப் பிடித்துக் கழித்தான். அவன் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். வில்ஃப் வாயைத் திறந்தால் கடை போயிற்று. இத்தனை வருஷக் கோபத்துக்கு வில்ஃப் தேடிப் போகாமல் கையில் கிடைத்த கத்தி இது. அந்த இடத்தில் தான் இருந்தால் சொல்லாமல் இருப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். மாட்டோம் என்றுதான் பட்டது.

தராசைத் தூக்கிக்கொண்டு முளை முளையாக வந்தார்கள். வில்ஃப் கூடையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கிளப் போட்டியில் அவ்வளவு எடை யாரும் பார்த்ததில்லை. பரிசு கொடுக்க எல்லாரும் கரையோர பப்பில் கூடினார்கள். வில்ஃப் முதல், ஜோ லிஸ்டர் மூன்றாவது.

ஜோ இரண்டு கிளாஸ் பீரில் பேச்சுக்காரனாகிவிட்டான். “சிரில் குடுத்த பை. ஒண்ணுகூட மிதக்கல! எல்லாம் குண்டு மாதிரி அடிக்குப் போச்சு. பலகையில எழுதினது சும்மா இல்லப்பா!” என்று மேஜைக்கு மேஜை சொல்லிக்கொண்டு போனான். ஆட்கள் சிரிலின் முதுகில் தட்டினார்கள். அவனுக்கு ஒவ்வொரு தட்டும் அடியாக விழுந்தது.

நோரிஸ் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டார். “மேல் முளையில ஒண்ணும் இல்ல, கீழ் முளையிலயும் ஒண்ணும் இல்ல. நடுவுல ஒனக்கு மட்டும் எப்பிடி வில்ஃப், மேலயே வந்து நின்னுச்சு? என்ன போட்ட?”

எல்லாரும் வில்ஃப் பக்கம் திரும்பினார்கள். ஜெயித்தவன் என்ன போட்டான் என்பதற்காகத்தான் பாதிப் பேர் பரிசளிப்புக்கே வருவார்கள். சிரில் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டான்.

வில்ஃப் தம்பி இருந்த பக்கம் பார்த்தான். அவசரப்படவில்லை.

“மீன் கடிச்சுச்சு, நான் தூக்கினேன்” என்றான்.

“அட, சொல்லுப்பா.”

“ஆத்து மீன். எங்க நிக்கணும்னு என்னையக் கேட்டா நிக்குது?” என்று கோப்பையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வில்ஃபிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது என்பது தெரிந்த விஷயம்தான்.

சிரில் பிழைத்தான். யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. நிம்மதியாக மூச்சு விட வேண்டியவன், பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிட்டான். இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனான். வில்ஃப் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டில் அவன் புழுப் பெட்டி இருந்தது.

“ஏன் சொல்லல?”

வில்ஃப் ஜன்னலைப் பார்த்தபடியே, “என்னத்த?” என்றான்.

“ஒனக்குத் தெரியும் என்னன்னு. என் பைதான். அதுதான் மெதந்து வந்துச்சு. நீ கையில எடுத்துப் பாத்த.”

“பாத்தேன்.”

“அப்பறம்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கதையே முடிஞ்சிருக்கும்ல. ஏன் சொல்லல?”

வில்ஃப் அப்போதுதான் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை. “வீட்டு விஷயத்தக் கடத் தெருவுல போடுறது ஒன்னோட வேல. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல.”

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிரில் நின்றான். இத்தனை வருஷமாக அவன் அதை வியாபாரம் என்றுதான் நினைத்திருந்தான். புழுவில் என்ன ரகசியம், விற்றால் என்ன, சொன்னால் என்ன என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லியிருந்தான். இப்போதுதான் அது சுட்டது. அப்பா ஷெட்டைச் சாத்தி வைத்தது மீனுக்காக மட்டும் இல்லை. அதற்குள் மூன்று பேர் இருந்தார்கள், அந்த மூன்று பேருடைய இடம் அது. அதை அவன் கிண்ணத்தில் நிரப்பி விற்றுவிட்டான். அண்ணனோ தம்பியின் மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். கூச்சமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த உபகாரத்தைச் சுமந்துகொண்டு இனி அந்தப் பலகைக்குக் கீழே எப்படிக் கடையைத் திறப்பது?

மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

“எல்லாரும் இங்க கேளுங்கப்பா!” என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். “வில்ஃப் பிடிச்ச மீனெல்லாம் என் கூட்டுப்புழுவத் தின்ன மீன். நான் போட்டது மெதந்துருச்சு. முக்காவாசி மெதந்துருச்சு. காலையில சோதிக்க மறந்துட்டேன். வில்ஃபுக்குத் தெரியும், சொல்லல. அதான் நான் சொல்றேன்.”

பஸ்ஸே கூரை பிய்ந்துபோகிற அளவுக்குக் கத்தியது.

“பலகைய இறக்குடா சிரில்!”

“மெதக்குறதுல எனக்கு ரெண்டு பை குடு! ஒனக்குக் கீழ் முளையில ஒக்காந்துக்கிறேன்!”

“ஏன் பையில கட்டி விக்கிற, நேரா ஆத்துல கொட்டி விட்ரு, நாங்க கீழ வந்து வாங்கிக்கிறோம்!”

ஜோ லிஸ்டர் மட்டும் எழுந்து நின்று, “எனக்குக் குடுத்தது மூழ்குச்சு, எனக்குக் குடுத்தது மூழ்குச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. நோரிஸ் முன்னாலிருந்து எழுந்து, கோப்பை மீனைப் பிடித்தவனுக்குத்தான், இரை யார் போட்டது என்று சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பு சொன்னார்.

அடுத்த வாரம் சிரில் பலகையை இறக்கத்தான் இறக்கினான், வரிசையும் குளிர்காலம் முடிகிறவரை மெலிந்துதான் கிடந்தது. டான்காஸ்டர் கடைக்காரன் அந்தக் கதையைச் சொல்லியே கொஞ்ச நாள் பிழைத்தான். மேவிஸ் வாளித் தண்ணீர் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாக மட்டும் சொல்லி, பிறகு கடைசிவரை அவளேதான் பார்த்தாள். அதெல்லாம் நடக்கும் என்பது அந்தப் பஸ்ஸில் நின்றவனுக்கும் தெரிந்தேதான் இருந்தது. காதெல்லாம் சிவந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலில் ஊன்றி அப்படியே நின்றான்.

வில்ஃப் அவனை அண்ணாந்து பார்த்தான். எரிச்சல்தான் முதலில் தெரிந்தது, கோபம்கூட. பிறகு மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று அவனை மீறிக் கோணியது.

“ஒனக்கு வாய மூடவே தெரியாதாடா?”

“தெரியாது” என்றான் சிரில். “ஒனக்குத் தெரியும்ல, தெரியாதுன்னு.”

வில்ஃப் பக்கத்து சீட்டிலிருந்த புழுப் பெட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“ஒக்காரு. வளைவுல விழுந்து தொலைச்சா, அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவ.”